சென்னை நகரின் மின்சாரமும் தூய ஆற்றலுக்கான மாற்றமும்

சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895ஆம் ஆண்டு. அன்று முதல் ஏறத்தாழ 130 ஆண்டுகளாக இந்நகரம் மின்சாரத்தைப் பயன்படுத்தி வருகிறது. இக்காலத்தில் நிலக்கரி, ஆற்று நீர், பழுப்பு நிலக்கரி, அணு, காற்று, சூரிய ஒளி என அதன் மூலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. நகரின் தெற்கிலும் நடுவிலும் உள்ள மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகள் மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடுபவை. ஆயினும் பெரிய மின் நிலையம் எதுவும் இப்பகுதிகளில் அமைந்ததில்லை. விளக்கு எரிவது ஓரிடம். அதற்காகப் புகை எழுவது வேறோர் இடம்.

நிலக்கரியிலிருந்து தூய ஆற்றலுக்கு மாறுவது இன்று உலக நாடுகள் அனைத்தின் முன்னும் உள்ள பணியாகும். இந்தியா 2070ஆம் ஆண்டுக்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டுவதாக 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. நிகரச் சுழியம் என்பது காற்றில் கலக்கும் கரிமப் புகையும் அதிலிருந்து அகற்றப்படும் அளவும் சமமாகும் நிலை. ஒரு நகரத்தைப் பொறுத்தவரை இம்மாற்றத்தின் பொருள் என்ன, அதன் பயன் யாருக்கு, சுமை யாருக்கு என்ற வினாக்களுக்கு விடை காணச் சென்னையின் மின்சார வரலாறு உதவுகிறது.

டிராமும் பேசின் பிரிட்ஜும்

இந்தியாவில் முதன்முதலில் மின்சார டிராம் ஓடிய நகரம் சென்னை. 1895 மே மாதம் தொடங்கிய இச்சேவை 1953 ஏப்ரல் வரை நடைபெற்றது. டிராம் தடங்கள் துறைமுகப் பகுதியையும் மயிலாப்பூர் உள்ளிட்ட குடியிருப்புகளையும் இணைத்தன. அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் எண்ணெய் விளக்கும் மண்ணெண்ணெய் விளக்குமே எரிந்தன. மின்சாரம் முதலில் வண்டியை இழுத்தது. வீட்டுக்குள் வந்தது பிறகுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனம் நகருக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அதன் அனல் மின் நிலையம் வடசென்னையில் பேசின் பிரிட்ஜ் அருகே இருந்தது. நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்கி, அந்த ஆவியின் விசையால் மின்னாக்கியைச் சுழற்றுவதே அதன் முறை. நிலக்கரி வந்து இறங்கத் துறைமுகமும் இரயில் பாதையும் அருகில் தேவைப்பட்டன. அவை வடக்கே இருந்ததால் மின் நிலையமும் வடக்கே அமைந்தது. நகரின் வடக்குப் பகுதி புகையையும் தெற்குப் பகுதி ஒளியையும் பெறும் முறை அன்றே உருவாகிவிட்டது.

மின்சாரம் நகரின் வடிவத்தையும் மாற்றியது. 1920களில் பழைய நீண்ட ஏரியின் நிலப்பரப்பைத் தூர்த்து தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. 1931இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்கி நடந்தே வீடு சேரலாம் என்ற வசதி புதிய குடியிருப்பின் வளர்ச்சிக்குத் துணை நின்றது. அலுவலகம் ஓரிடத்திலும் வீடு தொலைவிலுமாக வாழும் வாழ்க்கை நடுத்தர மக்களுக்கு இயன்றதற்கு மின்சாரமும் ஒரு காரணம்.

மலையிலிருந்து வந்த மின்சாரம்

இன்று 'தூய ஆற்றல்' என்று சொல்லப்படும் வகையில் தமிழகத்தில் முதலில் பெரிய அளவில் வந்தது புனல் மின்சாரம். நீலகிரியில் பைக்காரா ஆற்றின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 1920களில் முன்னெடுத்தவர்களுள் முதன்மையானவர் சர் சி. பி. இராமசாமி ஐயர். அவர் அப்போது மெட்ராஸ் மாகாண ஆளுநரின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். அவருடைய இல்லமான 'தி குரோவ்' மயிலாப்பூரை ஒட்டிய எல்டாம்ஸ் சாலையில் இருந்தது. 1927இல் மாகாண அரசு மின்சாரத்துக்கெனத் தனித் துறையை அமைத்தது. பைக்காரா மின் நிலையம் 1932இல் செயல்படத் தொடங்கியது. 1934இல் மேட்டூர் அணை நிறைவடைந்தது. அங்கும் 1937இல் மின் உற்பத்தி தொடங்கியது. 1944இல் பாபநாசம் மின் நிலையம் சேர்ந்தது.

நீரிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்குப் புகை இல்லை, விலை உண்டு. மேட்டூர் அணைக்காகக் காவிரிக்கரையில் பல ஊர்கள் நீரில் மூழ்கின. அவற்றின் மக்கள் வேறிடங்களுக்குப் பெயர்ந்தனர். அணையின் நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் பழைய கோயிலின் நந்தி சிலை வெளியே தெரிகிறது. ஆற்றல் மூலம் தூயதாக இருப்பதும், அதைப் பெறும் வழி நியாயமாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு அது பழைய சான்று.

விடுதலைக்குப் பின்

1947 ஆகஸ்டில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷனை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1 அன்று மாநில மின்சார வாரியம் அமைந்தது. கு. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954–1963 காலத்தில் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பணி விரைவு பெற்றது. அவர் வாழ்ந்த தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலை வீடு இன்று நினைவில்லமாக உள்ளது. கனடா நாட்டின் உதவியுடன் குந்தா புனல் மின் திட்டம் உருவானதும், சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அனல் மின் நிலையம் எழுந்ததும் அக்காலத்தில்தான். நெய்வேலியின் முதல் மின்னாக்கி 1962இல் இயங்கத் தொடங்கியது.

அக்காலத்தில் மின்சாரம் முன்னேற்றத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. கிணற்றில் பம்புசெட் ஓடினால் இன்னொரு போகம் விளையும். பள்ளிக்கூடத்தில் விளக்கு எரிந்தால் பிள்ளைகள் படிப்பார்கள். புகையைப் பற்றியோ, சாம்பலைப் பற்றியோ பேச்சு எழவில்லை. ஆனால் பழுப்பு நிலக்கரி நிலத்தடியில் உள்ளது. அதை எடுக்க மேலே உள்ள வயலையும் ஊரையும் அகற்ற வேண்டும். சுரங்கம் விரியும்போதெல்லாம் இந்தச் சிக்கல் திரும்ப வருகிறது. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவி அருகே, பயிர் நின்ற வயல்களுக்கிடையே சுரங்கத்துக்கான கால்வாய் தோண்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு நாடு முழுவதும் பேசப்பட்டது.

எண்ணூரின் சாம்பல்

1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. 1975க்குள் அதன் ஐந்து அலகுகளும் சேர்ந்து திறன் 450 மெகாவாட் ஆனது. 1990களில் அதற்கு வடக்கே 630 மெகாவாட் திறனுள்ள வடசென்னை அனல் மின் நிலையம் வந்தது. அதன் இரண்டாம் நிலையில் 1,200 மெகாவாட் சேர்ந்தது. அருகிலுள்ள வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் அமைந்தது. இவற்றுக்கான நிலக்கரியை இறக்குவதற்காகவே முதலில் கட்டப்பட்ட எண்ணூர் துறைமுகம் 2001இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஒடிசாவில் வெட்டப்படும் நிலக்கரி பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலில் இங்கு வந்து சேர்கிறது.

இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. எரிக்கப்படும் மூன்று டன்னில் ஏறத்தாழ ஒரு டன் சாம்பலாக எஞ்சுகிறது. அந்தச் சாம்பல் நீருடன் கலந்து குழாய் வழியாகச் சாம்பல் குளங்களுக்குச் செல்கிறது. குழாய்கள் உடைந்து சாம்பல் கசிந்ததால் கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும் தூர்ந்தன. இறாலும் நண்டும் மீனும் குறைந்தன. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆகிய மீனவ ஊர்களின் பிழைப்பு பாதிக்கப்பட்டது. இவ்வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கழிமுகத்தில் படிந்த சாம்பலை அகற்ற வேண்டும் என்று தீர்ப்பாயம் ஆணையிட்டது.

தென்சென்னை மக்களிடம் இந்தச் செய்தியைக் கொண்டுசேர்த்தவற்றுள் ஒன்று கருநாடக இசை. பாடகர் டி. எம். கிருஷ்ணா 2017ஆம் ஆண்டு எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' இணையத்தில் பரவலாகக் கேட்கப்பட்டது. மார்கழிக் கச்சேரிகளின் இடமான மயிலாப்பூரின் இசை, அவ்விசையரங்குகளின் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் ஊரின் நிலையைப் பேசியது.

450 மெகாவாட் எண்ணூர் நிலையம் 2017 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. ஆயினும் வடசென்னையில் நிலக்கரியின் காலம் முடியவில்லை. வடசென்னை மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் அலகு 2024இல் தொடங்கி வைக்கப்பட்டது. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 1,320 மெகாவாட் நிலையம் கட்டும் பணியும் மேற்கொள்ளப்பட்டது.

தெற்கே கல்பாக்கம்

அடையாற்றிலிருந்து கடற்கரை ஓரமாகத் தெற்கே சென்றால் கல்பாக்கம் வருகிறது. அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984இலும் இரண்டாம் அலகு 1986இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அணு மின்சாரத்தில் கரிமப் புகை இல்லை. இரவு பகலாக ஒரே அளவில் கிடைக்கும். ஆனால் பயன்படுத்தப்பட்ட எரிபொருளின் கதிரியக்கம் பல தலைமுறைகளுக்குக் காவல் காக்க வேண்டிய ஒன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடல்நீர் நிலைய வளாகத்துக்குள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. நகரியத்தில் உயிரிழப்புகள் நேர்ந்தன. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து 2011, 2012ஆம் ஆண்டுகளில் இடிந்தகரை மக்கள் நடத்திய போராட்டமும், வருங்காலத் தலைமுறையின் பாதுகாப்பையே முதன்மையான காரணமாக முன்வைத்தது.

காற்றும் கணவாய்களும்

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மின்வாரியம் காற்றாலைகளை நிறுவியது. இந்தியாவின் முதல் காற்றாலைத் தொகுதிகளுள் அதுவும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து விரைவதால் அவற்றின் கிழக்கே உள்ள நிலங்கள் காற்றாலைக்கு மிகவும் ஏற்றவை. கன்னியாகுமரி மாவட்டத்தின் முப்பந்தல் இதனால் உலக அளவில் பெயர் பெற்றது. தமிழகத்தின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று வளத்தை அளந்து ஆராயும் மத்திய அரசின் நிறுவனம் 1998 முதல் தென்சென்னையின் பள்ளிக்கரணையில் இயங்கி வருகிறது. தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் என்பது அதன் இன்றைய பெயர்.

காற்று மின்சாரத்துக்குக் காலம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை மிகுதியாகக் கிடைக்கும், பின்னர் குறையும். காற்று பலமாக வீசும் நாளில் மின்சாரத்தைக் கொண்டுசெல்லப் போதிய கம்பித்தடம் இல்லாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த ஆண்டுகள் உண்டு. காற்று இருந்தும் மின்சாரம் வீணானது. வேறிடத்தில் மின்வெட்டு நிலவியது.

2008 முதல் 2014 வரையிலான மின் பற்றாக்குறைக் காலம் இதைத் தெளிவாகக் காட்டியது. 2012இல் சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. பிற மாவட்டங்களிலோ பத்து மணி நேரத்துக்கு மேலும் நீடித்தது. காற்றாலைகள் நிற்கும் மாவட்டங்களின் மக்களே இருட்டில் இருந்தனர். தியாகராய நகரின் கடைகளில் டீசல் ஜெனரேட்டர்களும் மயிலாப்பூர் வீடுகளில் இன்வெர்ட்டர்களும் பெருகின. திருப்பூர், கோயம்புத்தூர் சிறுதொழில்கள் நலிந்தன.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் உயர் அழுத்தத் தடத்தின் வழியாகத் தென்னிந்திய வலையமைப்பு நாட்டின் பிற பகுதிகளுடன் ஒத்தியங்கத் தொடங்கியது. 2021இல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகலூருக்கு வரும் 6,000 மெகாவாட் நேர்மின் தடம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தூய ஆற்றலுக்குக் காற்றாலையும் சூரியத் தகடும் மட்டும் போதா. அவற்றை இணைக்கும் கம்பியும் வேண்டும் என்பது இக்காலத்தின் பாடம்.

தரமணியில் எழுந்த கேள்வி

அடையாற்றை அடுத்த தரமணியில் 1977இல் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் அமைந்தது. அதை வழிநடத்திய வேதிப்பொறியியல் அறிஞர் சி. வி. சேஷாத்ரி (1930–1995) சாண எரிவாயு, காற்றாடி, பாசி வளர்ப்பு எனச் சிறு அளவிலான தொழில்நுட்பங்களில் கவனம் செலுத்தினார். அத்துடன் அடிப்படையான கேள்வி ஒன்றையும் எழுப்பினார். ஆற்றல் என்பதை அளக்கும் முறையே பெரிய ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் சாதகமாக அமைந்துள்ளதா என்பது அக்கேள்வி. மாட்டின் உழைப்பும் மரத்தின் வளர்ச்சியும் பெண்கள் சுமந்து வரும் விறகும் ஏட்டுக் கணக்கில் வருவதில்லை; நகரத்துக்கு வரும் மின்சாரம் மட்டுமே 'ஆற்றல்' என்று கணக்கிடப்படுகிறது. சமத்துவம் இல்லாத அறிவியல் நல்ல அறிவியல் ஆகாது என்பது அவர் சிந்தனையின் மையம். இன்றைய ஆற்றல் மாற்றத்துக்கும் அக்கேள்வி பொருந்துகிறது.

சூரிய ஒளியும் மொட்டை மாடியும்

தமிழக அரசு 2012இல் சூரிய ஆற்றல் கொள்கையையும், 2019இல் அதன் புதிய வடிவத்தையும் வெளியிட்டது. 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களுள் அது உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. வறண்ட பூமி என்று பெயர் பெற்ற ஒரு மாவட்டம் தொலைதூர நகரங்களுக்கு மின்சாரம் தரலாயிற்று.

சூரிய ஒளிக்கு மற்ற மூலங்களிடம் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. நிலக்கரியை மயிலாப்பூரில் எரிக்க முடியாது. அணு உலையை அடையாற்றில் வைக்க முடியாது. கணவாய்க் காற்று தியாகராய நகருக்கு வராது. வெயில் மட்டும் எல்லா மாடிகளிலும் விழுகிறது. 130 ஆண்டு வரலாற்றில், மின்சாரத்தைச் செலவிடும் வீடே அதை உற்பத்தியும் செய்யும் வாய்ப்பு வந்திருப்பது இப்போதுதான்.

மத்திய அரசின் 'பிரதம மந்திரி சூரிய கர்' திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் வழங்கப்படுகிறது. பகலில் எஞ்சும் மின்சாரம் வலையமைப்புக்குச் செல்கிறது. இருவழி மீட்டர் அதைக் கணக்கிட்டு மின்கட்டணத்தில் கழிக்கிறது.

மாடியின் அளவு போதுமா?

ஒரு கிலோவாட் தகட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்தில் 240 யூனிட். இரண்டு கிரவுண்டு மனையில், அதாவது 4,800 சதுர அடியில், 12 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட் செலவானால் மொத்தத் தேவை 6,000 யூனிட். இதற்கு 25 கிலோவாட் தகடுகளும் 2,500 சதுர அடி மாடியும் தேவை. கட்டடம் மனையில் பாதியை நிரப்பியிருந்தால் மாடியின் பரப்பே ஏறத்தாழ 2,400 சதுர அடிதான். தண்ணீர்த் தொட்டி, லிப்ட் அறை, படிக்கட்டுக் கூண்டு, பக்கத்து உயர்ந்த கட்டடத்தின் நிழல் ஆகியவை போக 1,200 சதுர அடி எஞ்சினால் 12 கிலோவாட் அமைக்கலாம். அது 2,880 யூனிட் தரும். தேவையில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

இந்தக் கணக்கு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. மாடியில் விழும் வெயில் புறக்கணிக்கத்தக்க அளவு அன்று. ஆனால் நெருக்கமான நகரம் தன் மாடிகளை மட்டும் நம்பி வாழவும் இயலாது. முப்பந்தலும் கமுதியும் என்றும் தேவைப்படும்.

இடத்தைத் தவிர வேறு தடைகளும் உள்ளன. மயிலாப்பூர், தியாகராய நகர்த் தனி வீடுகள் பலவும் அடுக்ககங்களாக மாறிவிட்டன. அங்கே மொட்டை மாடி எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானது. அனைவரும் உடன்பட்டால்தான் தகடு பொருத்த முடியும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு மாடியில் உரிமை இல்லை. தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் 2016 முதல் இலவசம். ஆகவே குறைவாகச் செலவிடும் வீட்டுக்குத் தகட்டால் வரும் சேமிப்பு சிறிது. குளிர்சாதனம் பல வைத்துள்ள வீட்டுக்குச் சேமிப்பு பெரிது. இதனால் தூய ஆற்றலின் முதல் பயன் வசதி உள்ளவர்களிடமே சேர வாய்ப்புண்டு.

இதற்கு வழிகளும் உள்ளன. அடுக்ககங்களின் பொது விளக்கு, லிப்ட், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கான தகடுகளுக்குச் சங்கங்கள் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் பெறலாம். ஓரிடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பகிர்ந்து கழிக்கும் முறையை டெல்லி 2019இல் ஏற்றுக்கொண்டது. மாடி இல்லாதவரும் பங்குபெற அது உதவும்.

இரவின் சிக்கல்

2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடை இரவுகளில் குளிர்சாதனங்கள் இயங்கும்போது தேவை உயர்ந்தே இருக்கிறது. அப்போது சூரியன் இல்லை. ஆகவே பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிப்பது அடுத்த கட்டப் பணி. இதற்குத் தமிழகத்தில் பழைய முன்னோடி ஒன்று உண்டு. 1980களின் இறுதியில் கோயம்புத்தூர் மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் அமைந்தது. மின்சாரம் மிகும்போது கீழுள்ள நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை எழும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது அதன் முறை. குந்தாவில் 500 மெகாவாட் திறனில் இத்தகைய இன்னொரு நிலையம் கட்டப்படுகிறது. மின்கலச் சேமிப்பும் இதனுடன் சேர்ந்து வளர்கிறது.

செலவைக் குறைப்பதும் ஒருவகை உற்பத்தியே. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கிறது, புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். அடையாற்றை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் நேர்மின்சாரத்தால் இயங்கும் வீட்டுச் சாதனங்கள் குறித்து ஆய்வுகள் நடந்துள்ளன. அடுக்ககங்களில் அதிகாலையில் ஓடும் தண்ணீர் மோட்டாரை நண்பகலில் ஓட்டினால், வெயில் தரும் மின்சாரம் அங்கேயே பயன்படும். நேரத்தை மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

போக்குவரத்திலும் மாற்றம் தெரிகிறது. 2015 ஜூன் 29 அன்று தொடங்கிய மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டத் தடங்கள் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வழியே அமைகின்றன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. டிராம் நின்று 72 ஆண்டுகளுக்குப் பிறகு சென்னைச் சாலையில் மாநகரப் போக்குவரத்துக்கு மின்சாரம் மீண்டும் வந்தது. ஆனால் பேருந்தில் ஏறும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், அடையாற்றில் குறையும் புகை எண்ணூரில் கூடும். நாட்டில் நிறுவப்பட்ட மின் திறனில் பாதி 2025இல் புதைபடிவமல்லாத மூலங்களுக்கு உரியதாயிற்று. எனினும் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரியிடமிருந்தே வருகிறது.

வருங்காலத்துக்கு விடப்படுவது

தென்சென்னைக்கு இது தொலைதூரச் சிக்கல் அன்று. 2015 டிசம்பர் முதல் நாள் அடையாறு பெருக்கெடுத்து கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை ஆகிய பகுதிகளுக்குள் புகுந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. புவி வெப்பம் உயர உயர இத்தகைய கனமழை மிகும் என்று அறிவியலாளர் கூறுகின்றனர். எண்ணூரின் புகையைத் தென்சென்னை சுவாசிக்காவிட்டாலும் அதன் விளைவை மழையாகவும் வெப்பமாகவும் பெறுகிறது. பெருநகர சென்னை மாநகராட்சி 2023இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம், 2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வை இலக்காகக் கொண்டுள்ளது.

தூய ஆற்றலும் எச்சமின்றி முடிவதில்லை. சூரியத் தகட்டின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். பழுதான தகடுகள் 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. முப்பந்தலின் பழைய சிறு காற்றாலைகளை மாற்றிப் புதியவை நிறுவ 2024இல் தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டில் மின்வாரியத்திலிருந்து பசுமை ஆற்றலுக்கெனத் தனிக் கழகமும் பிரிக்கப்பட்டது.

மேட்டூர், நெய்வேலி, எண்ணூர், கல்பாக்கம், முப்பந்தல், கமுதி ஆகிய ஊர்களின் நிலத்தையும் நீரையும் காற்றையும் வெயிலையும் கொண்டே சென்னையின் விளக்குகள் எரிந்து வந்துள்ளன. தூய ஆற்றலுக்கான மாற்றம் இந்தச் சார்பை அறவே நீக்காது. ஆனால் அதன் தன்மையை மாற்ற முடியும். நகரம் தன் மாடியில் இயன்றதை உற்பத்தி செய்து, வீண் செலவைக் குறைத்தால், வெளியூர்களிடம் கேட்கும் அளவு குறையும். அவ்வாறு குறையும் ஒவ்வொரு மெகாவாட்டும் முதலில் எண்ணூரின் நிலக்கரியிலிருந்து கழிக்கப்பட வேண்டும். 2050இல் அடையாற்றில் வாழப்போகும் குழந்தையும், காட்டுக்குப்பத்தில் வலை வீசப்போகும் குழந்தையும் ஒரே நகரத்தின் பிள்ளைகளே. மாற்றம் இருவருக்கும் ஒருசேரப் பயன் தந்ததா என்பதைக் கொண்டே அதன் வெற்றி அளவிடப்படும்.